மஞ்சள் பூத்த மரமெல்லாம் சரக்கொன்றை இல்லை

கூடலூர்ப் பக்கம் சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் மரங்களில் பல சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அழகுக்காக அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதியிலிருந்து வந்த மரம். இன்று முதுமலைக் காட்டுக்குள் புகுந்து, தன்னடியில் புல்லைத் தலைதூக்க விடுவதில்லை. புல் போனால் மான் எதைத் தின்னும்?

இதைக் கண்டுபிடிக்கவும் பதிவுசெய்யவும் போனில் ஐநேச்சுரலிஸ்ட் ஆப் இருந்தால் போதும். பிளான்ட்நெட்டும் நல்ல ஆப்தான்.

பூவை மட்டும் கிட்டத்தில் படமெடுத்தால் ஆப் தடுமாறும். இந்த வகை மரங்களில் எல்லாப் பூவும் மஞ்சள். முதலில் பூங்கொத்து மரத்தில் இருக்கிற விதத்தை எடுங்கள். சரக்கொன்றையில் சரமாகத் தொங்கும், இதில் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். அப்புறம் ஒரு முழு இலை, காம்பிலிருந்து நுனி வரை. என் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கோடு போட்ட நோட்டின் மேல் விரித்து வைத்து எடுப்பார்கள். சிற்றிலைகளின் அளவும் எண்ணிக்கையும் பளிச்சென்று தெரியும். சரக்கொன்றைக்கு 4 முதல் 8 ஜோடி, ஒவ்வொன்றும் பெரிது. இதற்குப் பெரும்பாலும் 10 முதல் 15 ஜோடி, சிறியவை, நுனி கூர்மை. நுனி மழுங்கி, காயும் தட்டையாக இருந்தால் அது சென்னா சியாமியா என்ற வேறொரு மரம். ஸ்பெக்டாபிலிஸின் காய் உருண்டு நீண்டிருக்கும். காய் இருந்தால் அதையும் எடுங்கள்.

ஆப் காட்டும் முதல் பெயரை அப்படியே தட்டிவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் 'சென்னா' என்ற பேரினத்தோடு (நெருங்கிய இனங்களின் பொதுப்பெயர்) நிறுத்துங்கள், தெரிந்தவர்கள் வந்து சரிசெய்வார்கள். நட்டு வளர்த்த மரமென்றால் அதைக் குறிக்கத் தனி இடம் இருக்கிறது, மறக்காமல் குறியுங்கள்.

மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். லொகேஷனை ஆன் செய்து, சற்று நின்று, துல்லியம் சில மீட்டருக்கு வந்ததும் படமெடுங்கள். அப்லோடை வீட்டுக்கு வந்து செய்யலாம். புலிகள் காப்பகத்துக்குள் மட்டும் படத்துக்காக வண்டியை விட்டு இறங்கவே கூடாது.

பெரிய மரங்களை விட நாற்றுகளைப் பதிவதுதான் முக்கியம் என்பேன். வளர்ந்த மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். நாற்றையோ மழைக்குப் பின் கையாலேயே வேரோடு பிடுங்கிவிடலாம். ஆகவே ஏற்கெனவே மண்டிக்கிடக்கும் இடத்தை விட, அதன் விளிம்பையும் இதுவரை இல்லாத தேயிலைத் தோட்ட ஓரங்களையும் ஓடைக்கரைகளையும் பாருங்கள். குறிப்புப் பகுதியில் 'முழங்கால் உயரம், சுமார் இருபது நாற்று, பக்கத்தில் காய்த்த மரம்' என்பதுபோல எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பின் அதே இடத்தில் மறுபடி ஒரு பதிவு போடுங்கள். பரவுகிறதா, நின்றதா என்று அப்போதுதான் தெரியும்.

புதிய இடத்தில் பார்த்தால் பதிவின் லிங்க்கை உங்கள் வனச்சரக அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், காய் முற்றி விதை பரவுவதற்குள்.