ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் வாங்கி அப்கிரேட் செய்கிறீர்களா? காசு வீணாகும் இடங்கள் இவை

கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் நிறையக் கிடைக்கின்றன. படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் தாராளமாகப் போதும். பெட்டி மலிவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குப் பொருந்தாத பாகங்களை வாங்கும்போதுதான் காசு போகிறது.

ஸ்டிக்கரில் இன்டெல் புராசஸர் ஐ7 என்று பார்த்ததும் வாங்கிவிடுவது முதல் தவறு. ஐ7-க்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது, நான்கு கோர். ஐ5-8500 எட்டாம் தலைமுறை, 2018-ல் வந்தது, ஆறு கோர். பெயரில் சின்னதாகத் தெரியும் ஐ5-தான் வேகம் அதிகம். அதைவிட முக்கியமான காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஏழாம் தலைமுறையில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள். ஏறும், ஆனால் அடுத்தடுத்த பெரிய அப்டேட் தானாக வரும் என்று நம்ப முடியாது. விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுவதாக இருந்தால் ஆறாம், ஏழாம் தலைமுறை தாராளம். அப்படியானால் விலையையும் அதற்கேற்பக் குறைத்துப் பேசுங்கள்.

காசு கொடுக்கும் முன் பெட்டியை ஆன் செய்து பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங் திரைக்குள், போய்ப் பாருங்கள். ஆன் செய்ததும் டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அழுத்த வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது. போர்டில் உள்ள குட்டி பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பது வீட்டு உபயோக போர்டுகளுக்குச் சரி, இந்த ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் போகாது.

அடுத்தது கேபினெட். மேசையில் படுக்க வைக்கலாம் போல மெல்லிசாக இருப்பது எஸ்எஃப்எஃப். நிமிர்ந்து நிற்பது டவர். மெல்லிசு அழகாக இருக்கிறது என்று வாங்கிவிட்டு, பிறகு பையன் கேம் விளையாட கிராபிக்ஸ் கார்டு கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். அதற்குள் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டு மட்டும்தான் நுழையும். ஆப்டிப்ளெக்ஸ் 3060 எஸ்எஃப்எஃப்பில் உள்ள எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளை) வெறும் 200 வாட். கார்டுக்குத் தனியாகக் கொடுக்கப் பவர் கேபிளே அதில் கிடையாது. கார்டு, ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் பிழைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாம் என்று 450 வாட் ஒன்றை வாங்கி வந்தால் அது மாட்டாது. வெளிக்கடையில் விற்பவை 24 பின் கனெக்டர். இந்தப் பெட்டிகளின் போர்டிலோ 6, 8, 10 பின் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒன்று வைத்திருக்கும். அளவும் வேறு, ஸ்க்ரூ ஓட்டைகளும் வேறு. அடாப்டர் கேபிள் கிடைக்கிறது. ஆனால் மாடல் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். 'எல்லாத்துக்கும் வரும் சார்' என்று சொன்னால் வாங்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது மேலே பெரிதாக எழுதிய வாட்டை நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். புராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான்.

கார்டிலும் ஒரு பொறி இருக்கிறது. என்விடியாவின் ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு உண்டு. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் தரவை நகர்த்தும்; டிடிஆர்4 உள்ளது 17 ஜிபியைக்கூடத் தொடாது. டப்பா ஒரே மாதிரி இருக்கும், விலை வித்தியாசமும் பெரிதாக இருக்காது. ஜிடி 730 பற்றிக் கேட்கவே வேண்டாம். எட்டாம் தலைமுறை ஐ5-இல் உள்ளேயே இருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) போடுவதுதான் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தரும் மாற்றம். விண்டோஸ் எந்நேரமும் சின்னச் சின்ன ஃபைல்களை ஆயிரக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கும். ஹார்டு டிஸ்க்கின் ஊசி ஒவ்வொன்றுக்கும் நகர்ந்து போக வேண்டும். எஸ்எஸ்டிக்கு அந்த வேலை இல்லை. அதனால் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும், அதைவிட வேகமான என்விஎம்இ வகையைப் போட்டால் இன்னொரு பாய்ச்சல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எம்.2 வடிவத்தில் வாங்குவதாக இருந்தால் எம்.2-வும் என்விஎம்இயும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். எம்.2 என்பது வடிவம் மட்டும். அதற்குள் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. ஸ்லாட் எதை ஏற்கும் என்று மாடலின் மேனுவலில் பாருங்கள். போர்டில் வைஃபை கார்டுக்கென்று ஒரு குட்டி எம்.2 ஸ்லாட்டும் இருக்கும். எஸ்எஸ்டி அதில் ஏறாது, அழுத்தினால் உடையும்.

எம்.2 எஸ்எஸ்டியை மாட்டும்போது சுமார் 30 டிகிரி சாய்வில் செருகினால் தானாக ஒரு பக்கம் தூக்கி நிற்கும். மெதுவாக அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். பழைய பெட்டிகளில் அந்தக் குட்டி ஸ்க்ரூ பெரும்பாலும் இருக்காது. செலோடேப் ஒட்டி விட்டுவிடுகிறார்கள். சூட்டில் பசை இளகி எஸ்எஸ்டி தூக்கிக்கொண்டால் ஒருநாள் திடீரென்று பூட் ஆகாது. எஸ்எஸ்டி வாங்கும்போதே எம்2 அளவு (2 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூ ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ராமில் ஏமாறுவதுதான் எளிது. 2025 கடைசியில் ராம் விலை ஏறியதிலிருந்து மலிவாக எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்கள் அதிகம். அவர்கள் கையில் சர்வர் ராம் வந்து சேரும். 16 ஜிபி, டிடிஆர்4, வெட்டு இருக்கும் இடமும் அதேதான், ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் பெட்டி பூட் ஆகாது. லேபிளைப் பாருங்கள். பிசி4 என்று தொடங்கும் வரிசையின் முடிவில் கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், சிலவற்றில் அதற்குப் பின் எண்களும் வரும். யூ என்றால் டெஸ்க்டாப் ராம். ஆர் என்றால் சர்வருக்கானது. எஸ் என்றால் லேப்டாப்புக்கான குட்டை ராம். பெட்டி புத்தக அளவு மைக்ரோ மாடல் என்றால் அதுதான் வேண்டும்.

16 ஜிபி வேண்டுமானால் எட்டும் எட்டுமாக இரண்டு போடுங்கள். இரண்டு சானலிலும் ஒரே நேரத்தில் தரவு போகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் கேமிலேயே வித்தியாசம் தெரியும். எட்டாம் தலைமுறை ஐ5 ராமை 2666 என்ற வேகத்துக்கு மேல் ஓட்டாது. 3200 வாங்கினால் கெடுதல் இல்லை, அதற்காகக் கூடுதல் காசு மட்டும் கொடுக்காதீர்கள். மாட்டும் முன் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். மாட்டிய பிறகு முதல் தடவை திரை வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். பயந்து ஆஃப் செய்யாதீர்கள்.

இப்போது விண்டோஸ். பழைய ஹார்டு டிஸ்க்கும் புது எஸ்எஸ்டியும் ஒன்றாக மாட்டியிருக்கும்போது இன்ஸ்டால் செய்தால், விண்டோஸ் எஸ்எஸ்டியில் உட்காரும். பூட் ஃபைல்கள் மட்டும் பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார வாய்ப்புண்டு. ஆறு மாதம் கழித்து ஹார்டு டிஸ்க் செத்தால் எஸ்எஸ்டியும் செத்ததுபோல் ஆகிவிடும். இன்ஸ்டால் முடியும் வரை ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வையுங்கள், அவ்வளவுதான். லைசன்ஸுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸோடு விற்கப்பட்ட பெட்டி என்றால் பெரும்பாலும் அதன் கீ பயாஸிலேயே பதிந்திருக்கும். அந்தக் கீக்குரிய அதே பதிப்பை (ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் புரோ) போட்டு இன்டர்நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். பிட்-லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்கிறவர்கள் முதலில் அதை ஆஃப் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

புராசஸருக்கும் அதன் மேல் இருக்கும் கூலருக்கும் இடையே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். துடைத்துவிட்டு புராசஸரின் நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும்.

கடைசியாக எர்த். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதென்றால், பல நேரம் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போயிருக்காது. அதன் ஃபில்டரில் உள்ள குட்டி கபாசிட்டர்கள் சிறு மின்கசிவை எர்த்துக்கு அனுப்பும்படி செய்யப்பட்டவை. சுவரில் எர்த் இல்லையென்றால் அது கேபினெட்டிலேயே நிற்கும். இதற்காகப் புது எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்கள் உண்டு; மாற்றிய மறுநாளும் அதே ஷாக்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் எர்த் ஒயரைச் சரிசெய்யும் வரை எஸ்எஸ்டியோ ராமோ மாட்டும் வேலையைத் தள்ளிப் போடுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தால் அதை முதலில் தூக்கிப் போடுங்கள்.