குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியர் நகைச்சுவை: எங்கே நிற்பது, எப்போது சிரிப்பது

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கிற ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்குக்கு முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன. சினிமா தியேட்டரில் இருப்பதுபோலவே நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். சினிமாவில் நாம் இருட்டில் இருக்கிறோம், திரையில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது. குளோபில் நடுக்கூரையே கிடையாது. பகல் காட்சியில் மேடைக்கும் நமக்கும் ஒரே வெளிச்சம். இரவுக் காட்சியிலும் பார்வையாளர் முகம் தெரியும்படிதான் பெரும்பாலும் விளக்கு வைக்கிறார்கள். நடிகர் நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், நாம் கொட்டாவி விட்டால் அதையும் பார்க்கிறார். நகைச்சுவை நாடகத்தில் இதன் பலன் பன்மடங்கு பெரிது. ஏனென்றால் அங்கே நம் சிரிப்பு எவ்வளவு நேரம் நீள்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த வசனம் எப்போது வரும் என்பதே முடிவாகிறது.

இது புதிய ஏற்பாடு அல்ல. 1599-ல் கட்டிய முதல் குளோப், 1613-ல் ஒரு நாடகத்தின் நடுவே சுட்ட பீரங்கியால் ஓலைக்கூரை தீப்பிடித்து எரிந்துபோனது. மறுவருஷமே திரும்பக் கட்டினார்கள், 1642-ல் நாடகசாலைகளையெல்லாம் மூடும்வரை அது நடந்தது. இப்போது இருப்பது அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் பல ஆண்டுகள் போராடி எழுப்பியது. 1997-ல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1599-ல் லண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி அன்றைய நாடகசாலைக் கட்டணத்தை எழுதிவைத்திருக்கிறார்: நிற்க ஒரு பென்னி, உட்கார இன்னொரு பென்னி, மெத்தை போட்ட நல்ல இடம் வேண்டுமென்றால் அதற்கும் மேல் ஒரு பென்னி. நிற்கவா, உட்காரவா என்ற கேள்வி நானூறு வருஷமாக மாறவில்லை.

முற்றத்தில் நிற்பவர்கள்

மேடையைச் சுற்றியுள்ள திறந்த முற்றத்தில் சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம். பல ஆண்டுகள் அந்த டிக்கெட் 5 பவுண்டாகவே இருந்தது. அரங்கிலேயே மலிவான டிக்கெட் என்பதால் அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்குவது பெரிய தவறு. நகைச்சுவை நாடகத்துக்கு அதைவிட நல்ல இடம் அந்த அரங்கில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கால் வலி இல்லாதவர்கள், இரண்டரை முதல் மூன்று மணிநேரம் நிற்க முடிந்தவர்கள், யோசிக்காமல் அதை எடுக்கலாம்.

ஆனால் நிற்பதற்கும் விதிகள் உண்டு. முற்றத்தில் தரையில் உட்காரக் கூடாது, ஊழியர்கள் வந்து எழுப்பிவிடுவார்கள். மடக்கு நாற்காலிக்கு அனுமதி இல்லை. மழை பெய்தாலும் நாடகம் நடக்கும், குடை மட்டும் விரிக்கக் கூடாது. பின்னால் நிற்கிறவருக்கு மறைக்கும் என்பதுதான் காரணம். தலையை மூடும் மழைக்கோட்டு கையில் இருக்கட்டும். கோடைதானே என்று மெல்லிய சட்டையோடு போய், இரவு ஒன்பது மணிக்கு ஆற்றுக்காற்றில் நடுங்குகிறவர்கள் ஏராளம். பகல் காட்சியில் நேர்மாறான ஆபத்து. மேடைக்குக் கூரை உண்டு, முற்றத்துக்கு இல்லை. வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றால் தலை சுற்றும். தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

முன்னதாக வந்து வரிசையில் நின்றால் மேடை விளிம்பைப் பிடிக்கலாம், கையை ஊன்றிக்கொள்ளலாம். எல்லோரும் நடுவே முன்வரிசைக்குத்தான் ஓடுகிறார்கள். மேடை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். மூக்கு உரசும் தூரத்தில் நின்றால் கழுத்து பின்னால் வளைந்தபடியே இருக்கும், மேடையின் பின்பகுதியில் நடப்பது சரியாகத் தெரியாது. மேடை முற்றத்துக்குள் நீண்டு வருவதால் மூன்று பக்கமும் நிற்கலாம். பக்கவாட்டு விளிம்பில் நின்று பாருங்கள். நடிகரின் முகமும் தெரியும், அந்த முகத்தைப் பார்த்து எதிரே சிரிக்கிறவர்களின் முகங்களும் தெரியும். குழந்தையோடு போகிறவர்கள் ஒன்று விளிம்பைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் உட்காரும் டிக்கெட் எடுக்க வேண்டும். நடுக்கூட்டத்தில் அந்தக் குழந்தைக்குப் பெரியவர்களின் முதுகுகள்தான் நாடகம்.

நடிகர்கள் கூட்டத்துக்குள் புகுந்து மேடை ஏறுவது வழக்கம். அப்போது வழிவிட வேண்டும். பையைக் காலடியில் பரப்பி வைத்தால் அவர்களுக்குத் தடுக்கும்.

தூண் மறைக்கும் நகைச்சுவை

உட்கார்ந்து பார்க்க மூன்று அடுக்கு கேலரிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கூரை உண்டு. இருக்கைகள் முதுகுச் சாய்வு இல்லாத மரப்பெஞ்சுகள். அரங்கில் வாடகைக்குக் கிடைக்கும் மெத்தையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இடைவேளையில் தேடி ஓடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர் இருக்கிறது, சாயலாம். முன்வரிசைக்குக் கைப்பிடிக் கட்டை இருக்கிறது, ஊன்றலாம். நடுவரிசைக்கு இரண்டும் இல்லை. முதுகுவலி உள்ளவர்கள் இதை மனத்தில் வைத்து முன்பதிவு செய்யட்டும்.

பெஞ்சைவிட முக்கியமானவை தூண்கள். மேடைக்கூரையைத் தாங்கும் இரண்டு பருத்த தூண்கள் மேடையின் மீதே நிற்கின்றன. எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு மூலையை அவை மறைக்கத்தான் செய்யும். சோகநாடகத்தில் நின்று நிதானமாகப் பேசும் காட்சிகள் மிகுதி, கொஞ்சம் மறைந்தாலும் காது ஈடுகட்டிவிடும். நகைச்சுவையோ ஒளிந்து கேட்பதை நம்பியிருக்கிறது. ‘மச் அடோ அபவுட் நத்திங்’ நாடகத்தில் பெனடிக் தோட்டத்தில் ஒளிந்திருக்க, அவன் நண்பர்கள் அவன் காதில் விழட்டும் என்றே, எப்போதும் அவனோடு வாய்ச்சண்டை போடும் பியாட்ரிஸ் அவன்மீது உயிரையே வைத்திருப்பதாகக் கதை கட்டுகிறார்கள். ‘ட்வெல்ஃப்த் நைட்’டில் வீட்டுக் காரியக்காரன் மல்வோலியோ, எஜமானி தனக்கு எழுதியதாக நம்பிப் போலிக் காதல் கடிதத்தைப் படிக்க, மூன்று பேர் செடி மறைவில் நின்று துடிக்கிறார்கள். இப்படிப்பட்ட காட்சிகளில் ஒளிந்துகொள்ளத் தூண்தான் கைக்கு எட்டும் மறைவு. படிக்கிறவனும் ஒளிந்திருப்பவர்களும் ஒரே பார்வையில் தெரிந்தால்தான் அது வேடிக்கை. முன்பதிவு செய்யும்போது ‘பார்வை மறையும்’ என்று குறித்திருக்கும் இருக்கைகளை, வேறு நாடகத்துக்கு எடுத்தாலும் இந்த இரண்டுக்கும் எடுக்காதீர்கள். மேடையை ஒட்டிப் பக்கவாட்டில் உள்ள கனவான் அறைகள் (ஜென்டில்மென்ஸ் ரூம்ஸ்) என்ற தனி இருக்கைகள் சொகுசானவை. ஆனால் நடிகரின் முதுகு அதிகமாகத் தெரியும்.

அதே வளாகத்தில் 2014 முதல் நடக்கும் சாம் வானமேக்கர் பிளேஹவுஸ் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இயங்கும் சின்ன உள்ளரங்கு, சுமார் 340 இருக்கைகள். அங்கே மேல் அடுக்கில் உட்கார்ந்தால் தொங்கும் மெழுகுவர்த்திக் கொத்துகள் பார்வைக்குக் குறுக்கே வரும், கீழே உட்காருவது நல்லது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்போர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி புதுப்பித்த பெரிய அரங்கில் மேடையிலிருந்து மிகத் தொலைவான இருக்கையே 15 மீட்டர்தான். முன்பு அது 27 மீட்டர். அங்கே இடத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

ஆங்கிலம் புரியாது என்ற பயம்

நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கப் பார்ப்பது வீண் முயற்சி. ஒரு சிலேடையை யோசித்து முடிப்பதற்குள் நான்கு சிலேடைகள் போய்விடும். 2012-ல் குளோபில் 37 நாடகங்களை 37 மொழிகளில் நடத்தினார்கள். அதுல் குமார் இயக்கிய இந்தி ‘ட்வெல்ஃப்த் நைட்’டும் அதில் ஒன்று. வசனத்துக்கு வசனம் மொழிபெயர்ப்பு போடவில்லை, காட்சிச் சுருக்கம் மட்டும் திரையில் வந்தது. அதை வைத்துக்கொண்டே வேற்றுமொழிக்காரர்களும் உட்கார்ந்து ரசித்தார்கள். கதை தெரிந்தால் போதும். யார் யாரைக் காதலிக்கிறார்கள், எந்தப் பெண் ஆண் வேஷத்தில் இருக்கிறாள், இரட்டையர் யார் என்று மூன்று விஷயங்களைப் படித்துவிட்டுப் போங்கள். தமிழ் வழியே நுழைய விரும்புகிறவர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியார் ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தைத் தழுவி எழுதிய ‘வாணீபுர வணிகன்’ இருக்கிறது.

கதை தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். யார் ஏமாறுகிறார் என்பது நமக்கு எப்போதும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்படிதான் இந்த நாடகங்களை ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார்.

சிரிப்பில் நேரும் தவறுகள்

முதல் தவறு, தெரிந்தவர்போலச் சிரிப்பது. வசனம் வருவதற்குள்ளேயே பலமாகச் சிரித்து, ‘எனக்கு இது மனப்பாடம்’ என்று சுற்றியிருப்பவர்களுக்கு அறிவிப்பவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு மற்றவர்களின் சிரிப்பைக் கொன்றுவிடுகிறது. இதற்கு எதிர்த்தவறு, பக்கத்தில் இருப்பவர் சிரித்த பிறகே சிரிப்பது. இரண்டும் வேண்டாம். ஒருவர் தடுக்கி விழுந்தது வேடிக்கையாக இருந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஷேக்ஸ்பியர் என்பதற்காக மரியாதையாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கடினமானது, சிரிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பது. ‘மச் அடோ’வில் ஓர் இடம் இருக்கிறது. கல்யாணத்தன்றே, பியாட்ரிஸின் உறவுப் பெண்ணான ஹீரோவை மணமகன் கிளாடியோ எல்லோர் முன்னிலையிலும் பழிசுமத்திக் கைவிடுகிறான். கூட்டம் கலைந்த பிறகு பியாட்ரிஸும் பெனடிக்கும் தனியே நின்று, நாடகம் முழுக்க அடக்கிவைத்த காதலை ஒருவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், சொல் என்கிறான் அவன். ‘கிளாடியோவைக் கொன்றுவிடு’ என்கிறாள் அவள். பல மேடைகளில் இந்த இடத்தில் குபீரென்று சிரிப்பு எழும். சிரித்தவர்கள்மீது குற்றமில்லை. அதுவரை இறுக்கிப் பிடித்த மூச்சு வெளியே வருகிறது. தவறு என்னவென்றால், சிரிப்பு வந்துவிட்டதே என்று அதை நீட்டிக்கொண்டு போவது. அவள் விளையாடவில்லை. அடுத்த சில வரிகளில் தான் ஓர் ஆணாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவள் கொதிக்கிறாள். சட்டென்று அடங்கிவிடும் கூட்டத்துக்குத்தான் அந்தக் கோபம் முழுதாகக் கிடைக்கிறது.

மல்வோலியோ இன்னும் சிக்கல். முதல் அங்கத்தில் அவன் எஜமானியிடம் விதூஷகன் ஃபெஸ்டேயை இகழ்கிறான்: நீங்கள் சிரித்து இடம் கொடுக்காவிட்டால் இவன் வாயடைத்துப் போவான் என்கிறான். பிறகு போலிக் கடிதத்தை நம்பி மஞ்சள் காலுறையும் குறுக்குப் பட்டையும் கட்டிக்கொண்டு அவனே கேலிப்பொருளாகிறான். அரங்கமே அதிரும், நாமும் சிரிப்போம். அடுத்து அவனை இருட்டறையில் அடைத்து, பைத்தியம் என்று சொல்லி வதைக்கிறார்கள். அங்கேயும் அதே சத்தத்தோடு சிரித்துக்கொண்டே போகிற கூட்டம் நாடகத்தை விட்டு விலகிவிட்டது என்பேன். முடிவில் ஃபெஸ்டே, முன்பு மல்வோலியோ சொன்ன அதே வார்த்தைகளை அவனுக்கே திருப்பிச் சொல்கிறான். உங்கள் கூட்டம் முழுவதையும் பழிவாங்குவேன் என்று கத்திவிட்டு மல்வோலியோ போகிறான். அந்தக் கூட்டத்தில் நாமும் அடக்கம். நல்ல நடிகர் அதைச் சொல்லும்போது முற்றத்தையும் கேலரியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். அந்த நேரத்தில் கைதட்டி அவரை வழியனுப்பாதீர்கள்.

பதில் பேசலாமா?

கேட்டால் பேசலாம். நடிகர் முற்றத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால், தொப்பியை வாங்கி வைக்கச் சொன்னால், தயங்காமல் செய்யுங்கள். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கும்போது நடிகர் அதை ஒரு பார்வையால் நகைச்சுவையாக்குவார், அதுவும் அவருடைய வேலை. கேட்காமல் குரல் கொடுப்பது வேறு விஷயம். அது எப்படிப்பட்டது என்று ஷேக்ஸ்பியரே இரண்டு முறை காட்டியிருக்கிறார். ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தின் கடைசியில் கைவினைஞர்கள் ஏதென்ஸை ஆளும் டியூக் முன்னால் நாடகம் போடுகிறார்கள், பிரபுக்கள் வரிக்கு வரி கிண்டல் செய்கிறார்கள். ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் அந்தக் கிண்டல் எல்லை மீறுகிறது. வேஷம் கட்டி நிற்கும் பள்ளி ஆசிரியர் ஹோலோஃபெர்னிஸ், இது பெருந்தன்மையும் அல்ல, பண்பும் அல்ல, பணிவும் அல்ல என்று சொல்லிவிட்டு விலகுகிறார். அதே நாடகத்தின் முடிவில் ரோசலைன் தன் காதலன் பெரோனிடம், ஒரு வேடிக்கைப் பேச்சின் வெற்றி அதைக் கேட்பவர் காதில் இருக்கிறது, சொல்பவர் நாவில் இல்லை என்கிறாள். ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைச் சிரிக்க வைத்துவிட்டு வா, பிறகு கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம் என்று அனுப்பிவிடுகிறாள். பார்வையாளராக நம் பங்கு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் படித்ததில்லை.

வில்லனைக் கண்டால் கூச்சலிடுவதும் ஆராய வேண்டிய பழக்கம். ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நகைச்சுவைப் பட்டியலில்தான் இருக்கிறது. 1998-ல் அது குளோபில் நடந்தபோது கதையின் வில்லனான, வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதர் ஷைலாக்கைப் பார்த்துப் பார்வையாளர்கள் சீறியது பெரிய விவாதமானது. 2015-ல் அதே மேடையில் ஜொனாதன் பிரைஸ் ஷைலாக்காக நடித்தபோது, அவரைக் கிறிஸ்தவராக்கும் கட்டாய ஞானஸ்நானத்தை மேடையிலேயே காட்டி நாடகத்தை முடித்தார்கள். ஒரு மனிதனின் மதத்தை வைத்து அவனை இகழும் காட்சியில் கூட்டத்தோடு கூச்சலிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

செல்போனைப் பற்றி ஒரே வரி: நடிகருக்கு அது தெரிகிறது, எடுக்காதீர்கள்.

முடியும் முன்பே கிளம்புவது

கல்யாணம் முடிந்தால் நாடகம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீ’ம் நாடகத்தில் அதற்கு மேல் பக் என்ற குறும்புக்காரக் குட்டிச்சாத்தான் தனியாக வந்து, எங்கள்மேல் குறை இருந்தால் எல்லாம் கனவென்று நினைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களென்றால் கை கொடுங்கள் என்கிறான். கை கொடுங்கள் என்றால் கைதட்டுங்கள். அவன் சொல்லி முடித்த பிறகு தட்ட வேண்டும், நடுவே தட்டினால் கடைசி வரி கேட்காது. ‘ட்வெல்ஃப்த் நைட்’ ஃபெஸ்டேயின் மழைப்பாட்டோடு முடிகிறது. அதற்கும் பிறகு குளோபில் நடிகர்கள் எல்லோரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் ஒன்று பெரும்பாலும் உண்டு, பழைய லண்டன் மேடையில் ‘ஜிக்’ என்று அழைத்த வழக்கம் அது. தாளத்துக்குக் கைதட்டலாம், அங்கே யாரும் முறைக்க மாட்டார்கள். அதையும் பார்க்க நேரம் வைத்துக்கொண்டு, பிளாக்ஃபிரையர்ஸிலிருந்தோ லண்டன் பிரிட்ஜிலிருந்தோ திரும்பும் ரயிலை முடிவு செய்யுங்கள். ஏழரை மணிக் காட்சி பத்து மணியைத் தாண்டும் என்றே கணக்குப் போட வேண்டும்.