ஒன்பதால் வகுபட்ட வித்தியாசம்

மாத இறுதியில் கடையின் ரொக்கப் புத்தகத்துக்கும் வங்கி அறிக்கைக்கும் இடையே வந்த 4,500 ரூபாய் வித்தியாசம், ஒருவழியாக நேற்றுத் தீர்ந்தது. பணமாகாத காசோலைகளையும் வங்கி பிடித்த கட்டணங்களையும் சரிபார்த்தேன், பற்று வரவு மாறிப் பதிவானால் வித்தியாசம் இரட்டிப்பாகும் என்பதால் 2,250 என்ற தொகையையும் தேடினேன், பயனில்லை.

பிறகுதான் 4,500 ஒன்பதால் மீதியின்றி வகுபடுவதைக் கவனித்தேன். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். இங்கே அது 900இன், அதாவது ஆயிரத்துக்கும் நூறுக்கும் உள்ள வித்தியாசத்தின், ஐந்து மடங்கு என்பதால், ஆயிரம், நூறு இடங்களில் நிற்கும் இலக்கங்கள் தம்முள் ஐந்து வேறுபடும் தொகைகளை மட்டும் பார்த்தேன்: 8,350 ரூபாய் வரவு 3,850 என்று ஏறியிருந்தது. தொலைபேசியில் கேட்டு எழுதும் தொகைகளில் இது எளிதில் நேரும்.

இப்போது கடை அடைக்குமுன் அன்றைய பதிவுகளை அன்றே வங்கிக் கணக்குடன் ஒப்பிட்டுவிடுகிறோம்.