பள்ளிக்கு நடந்தும் சைக்கிளிலும் செல்லும் நாள்: ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ வரும் நாளை ஓர் ஊர்வலமாக எண்ணித் திட்டமிடுவதே, இந்த ஏற்பாட்டில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேராக இருக்கிறது. அமெரிக்காவில் 1997-இல் சிகாகோ நகரில் இத்தகைய நாள் முதன்முதலாக நடத்தப்பட்டபோது, நடப்பதற்கு ஏற்ற தெருக்கள் ஊருக்குத் தேவை என்பதைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு உணர்த்துவதே அதன் நோக்கமாக இருந்தது. பதாகைகளும் பரிசுகளும் இருக்கட்டும். ஆனால் அன்று நடந்த பாதையில் மறுநாளும் பிள்ளைகள் நடக்க முடியாது என்றால், அந்த நாளால் எதுவும் மாறப்போவதில்லை.

பாதையை முடிவு செய்யும் முன்பே தேதியை அறிவித்துவிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. பாதையைப் பார்வையிடச் செல்பவர்களும் தங்களுக்கு வசதியான ஒரு விடுமுறை நாளில் சென்று, தெரு அமைதியாக இருப்பதைக் கண்டு மனநிறைவோடு திரும்பிவிடுகிறார்கள். பள்ளி நாளில், வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் அதே தெரு முற்றிலும் வேறாக இருக்கும். ஆகவே அந்த நேரத்தில், இயன்றால் ஓரிரு பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். ஓரமாக நிறுத்தப்பட்ட காரின் மேலாகப் பெரியவர் சாலையைப் பார்த்துவிடுவார். பிள்ளையின் உயரத்துக்கு அந்தக் கார் ஒரு சுவர். எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சரியாகக் கணிக்கும் திறன் சிறு பிள்ளைகளுக்கு இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது என்பதால், சற்றுச் சுற்றிச் செல்ல நேர்ந்தாலும், கடக்க வேண்டிய பெரிய சாலைகள் குறைவாக உள்ள பாதையைத் தேர்ந்தெடுப்பதே பொறுப்பான முடிவு. மாலையில் வீடு திரும்பும் பயணத்தையும் இதே கவனத்தோடு திட்டமிட வேண்டும். காலையில் கூட்டமாக வந்த பிள்ளைகளை மாலையில் தனித்தனியே அனுப்பிவிடுவது கவலைக்குரிய அலட்சியம்.

உடன் செல்லும் பெரியவர்களின் எண்ணிக்கையை வருகிற தன்னார்வலர்களைப் பொறுத்து விட்டுவிடக் கூடாது. 4 முதல் 6 வயது வரையுள்ள மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதைவிடச் சற்று மூத்த ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைத்திருக்கிறது. சாலை மோசமாக இருந்தால் இன்னும் கூடுதலானவர்கள் தேவைப்படுவார்கள். மேலும், ஒளிரும் மேலங்கி அணிந்த எவரும் சாலையின் நடுவே நின்று வண்டிகளை நிறுத்தலாம் என்று கருதுவது தவறு. பல இடங்களில் அந்த அதிகாரம் காவல்துறைக்கோ அதற்கென நியமிக்கப்பட்டவருக்கோ மட்டுமே உண்டு என்பதால், அவர்களிடம் முன்கூட்டியே பேசி உதவி பெற வேண்டும்.

சைக்கிளில் வருபவர்களையும் நடந்து வருபவர்களையும் ஒரே வரிசையில் அனுப்புவது இரு தரப்புக்கும் ஆபத்து. வேகம் வேறுபடுவதால் சைக்கிள் ஓட்டும் பிள்ளை நிலைகுலைகிறது; நடக்கும் பிள்ளை பின்னால் வருவதைப் பார்ப்பதில்லை. சைக்கிள்களை அன்று காலையில் பள்ளி வாசலில் சோதிப்பதிலும் பயனில்லை. டயரில் காற்று, பிரேக்கின் பிடிப்பு, செயினின் இறுக்கம் ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு முன்பே பார்த்தால்தான் பழுது நீக்க நேரம் கிடைக்கும். ஹெல்மெட் பின்னோக்கிச் சாயாமல், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நெற்றியை மூடியிருக்க வேண்டும். தாடைக்கும் வாருக்கும் இடையே ஓரிரு விரல்களுக்கு மேல் நுழையக் கூடாது. அண்ணனுடைய பெரிய ஹெல்மெட்டை மாட்டிவிட்டு அனுப்பும் பெற்றோர் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக நம்புகிறார்கள் என்பதால், இதைச் செய்து காட்டியே விளக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, வர இயலாத பிள்ளைகளை மறந்துவிடுவதுதான். தொலைவில் வசிப்பவர்கள், சைக்கிள் இல்லாதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், பெற்றோரின் வேலை நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். அதிகம் பேர் நடந்து வந்த வகுப்புக்குப் பரிசு என்று அறிவித்தால், தங்கள் கையில் இல்லாத ஒன்றுக்காக அந்தப் பிள்ளைகள் தோழர்களின் முன் குறுகி நிற்க நேர்கிறது. பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் ஒரு திடலையோ வண்டி நிறுத்துமிடத்தையோ கூடுமிடமாக அமைத்து, காரிலும் பேருந்திலும் வருபவர்கள் அங்கே இறங்கிச் சேர்ந்து நடக்குமாறு செய்தால் பெரும்பாலோர் பங்கேற்க முடியும். கூடுமிடத்திலிருந்து செல்லும் பாதையில் சக்கர நாற்காலிக்குத் தடையாகப் படிகளோ உயர்ந்த ஓரக்கற்களோ உள்ளனவா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டால் பள்ளி வாசலில் கார்கள் குவிவதும் குறையும். நடந்து வரும் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் மிகுந்த இடர் தருவது, பின்னோக்கி வருவதும் திரும்புவதுமான வண்டிகள் நெருங்கி நிற்கும் அந்த வாசல்தான்.

மழை பெய்தால் என்ன செய்வது என்பதையும், பிள்ளைகளைப் படமெடுக்கப் பெற்றோரின் ஒப்புதலையும் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்வது நல்லது.

நிகழ்வு முடிந்ததும் கலைந்துவிடுவது கடைசித் தவறு. நிகழ்வுக்கு ஒரு வாரம் முன்பும் ஒரு மாதம் பின்பும், இன்று எப்படி வந்தீர்கள் என்று ஆசிரியர் வகுப்பில் கைதூக்கச் சொல்லி எண்ணினால் மாற்றம் இருந்ததா என்பது தெரிந்துவிடும். உடைந்த நடைபாதை, அழிந்துபோன கடவைக் கோடுகள், எரியாத விளக்கு என்று வழியில் கண்டவற்றை இடத்தோடும் படத்தோடும் எழுதி, அந்த வாரமே உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். குறித்த நிறுத்தங்களில் பிள்ளைகள் வந்து சேர, முன்னும் பின்னும் பெரியவர்கள் நடக்கும் நடைப் பேருந்தை வாரம் ஒரு நாள் நடத்துவதாக இருந்தால், முதல் நடைக்கான தேதியையும் அன்று பொறுப்பேற்கும் பெற்றோரின் பெயர்களையும் நிகழ்வு நாளிலேயே பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். ஆர்வம் ஆறிய பிறகு ஆள் தேடுவது கடினம்.