வெளிநாட்டு ஆக்சென்ட் நம்பும்படி வர வேண்டுமென்றால்

நடிகர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி தருவது என் வேலை. “ரஷ்ய ஆக்சென்ட் கற்றுக்கொடுங்கள்” என்று யாராவது வந்து நின்றால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, யாருடைய ரஷ்ய ஆக்சென்ட் என்பதுதான். பதினைந்து வயதில் குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறிய பெண்ணுடையதா? ஐம்பது வயதில் கப்பல் வேலைக்காக ஆங்கிலம் கற்றவருடையதா? இரண்டு பேரின் பேச்சும் வேறு வேறு. திரையில் போலியாக ஒலிக்கும் ஆக்சென்ட்டுகளைக் கவனித்துப் பாருங்கள்: நடிகர் ஒரு நாட்டையே பேசிக் காட்டப் பார்க்கிறார். அந்த நாட்டில் பிறந்த ஒரு தனி ஆள் அங்கே இருக்க மாட்டார். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

அதற்கும் முன்னால் இயக்குநரோடு உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். இந்தப் பாத்திரத்துக்கு ஆக்சென்ட் தேவையா? கதைப்படி எல்லோரும் தங்கள் தாய்மொழியில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், படம் மட்டும் ஆங்கிலத்தில் என்றால், தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. தாய்மொழியில் யாரும் தடுமாறுவதில்லையே. 2019ல் வந்த ‘செர்னோபில்’ தொடரில் சோவியத் பாத்திரங்களை நடித்தவர்களை ரஷ்ய வாடை இல்லாமல்தான் பேச விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நமக்கு அது உறைப்பதே இல்லை. 1990ல் வந்த ‘தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்’ இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. நீர்மூழ்கிக் கப்பலில் ஒரு அதிகாரி ரஷ்ய மொழியில் புத்தகம் வாசிக்கிறார். கேமரா அவர் உதடுகளை நெருங்குகிறது. ‘ஆர்மகெடான்’ என்ற சொல்லில் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறுகிறது, கேமரா விலகுகிறது. கப்பல் தலைவராக நடித்த ஷான் கானரியின் பேச்சில் ஸ்காட்லாந்து வாடை கடைசி வரை போகவில்லை. ஆனாலும் அந்த ஒரு காட்சி பார்வையாளரோடு நேர்மையாக ஓர் உடன்பாடு செய்துகொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது.

சரி, ஆக்சென்ட் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இனி ஆளைத் தேடுங்கள். பாத்திரத்தின் வயது, ஊர், படிப்பு, இரண்டாவது மொழியை எந்த வயதில் யாரிடம் கற்றார் என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் உண்மையான பேச்சாளர் ஒருவரின் ஒலிப்பதிவைப் பிடியுங்கள். இதற்காகவே இணையத்தில் இரண்டு நல்ல சேகரிப்புகள் இருக்கின்றன. பால் மையர் தொடங்கிய ‘ஐடியா’ (IDEA) என்ற ஆங்கில உச்சரிப்பு ஒலி ஆவணத்தில் ஒருவர் வாசிப்பதையும் இயல்பாகப் பேசுவதையும் சேர்த்தே கேட்கலாம். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஆக்சென்ட் ஆவணத்தில் பல நாட்டுக்காரர்கள் ஒரே ஆங்கிலப் பத்தியை வாசித்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. என் மாணவர்களை இயல்புப் பேச்சைத்தான் அதிகம் கேட்கச் சொல்வேன். வாசிக்கும்போது எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இன்னொரு நடிகரைப் பார்த்து மட்டும் கற்காதீர்கள். 1964ல் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் அமெரிக்கரான டிக் வான் டைக் பேசிய காக்னி, அதாவது லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சு, இன்றைக்கும் மோசமான ஆக்சென்ட்டுக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. 2017ல் பிரிட்டனின் திரைப்பட அமைப்பான பாஃப்டா அவரைக் கௌரவிப்பதாக அறிவித்தபோது அதற்காக மன்னிப்பே கேட்டார். தனக்குப் பயிற்சி தந்தவருக்கும் அந்தப் பேச்சு தன்னைவிட நன்றாக வரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்குப் பரிவுதான். எங்கிருந்து கற்கிறோமோ, அந்த இடத்தின் குறைதானே நம் வாயிலும் வரும்?

வசனத்தாளை முதல் நாள் தொடவே விடமாட்டேன். முதலில் வாய். ஒவ்வொரு மொழிக்காரரும் பேசாமல் இருக்கும்போதுகூட நாக்கையும் தாடையையும் உதட்டையும் ஒரு குறிப்பிட்ட நிலையில் வைத்திருக்கிறார்கள். அதைப் பிடிக்க எளிய வழி, அவர்கள் யோசிக்கும்போது இழுக்கும் ஒலியைக் கேட்பது. ஆங்கிலக்காரர் ‘அ...’ என்று இழுப்பார். ஸ்பானியர் ‘எ...’ என்பார். பிரெஞ்சுக்காரர் உதட்டைக் குவித்துக்கொண்டு இழுப்பார். உங்கள் ஆளின் அந்த இழுவையைச் சில நிமிடம் சொல்லிக்கொண்டே இருங்கள். வாய் தானாக அந்த இடத்துக்குப் போய் உட்காரும். அங்கிருந்து வசனத்தைத் தொடங்கினால், தனித்தனியாகத் திருத்த வேண்டிய ஒலிகள் பாதியாகக் குறைந்துவிடும்.

அப்புறம் தாளம். வசனத்தைச் சொல்லாமல் வாயை மூடி முனகிப் பாருங்கள். போலிஷ் மொழியில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். ஹங்கேரிய மொழியிலும் ஃபின்னிஷிலும் முதல் அசையில். பிரெஞ்சில் சொற்றொடரின் கடைசியில். இந்தப் பழக்கத்தை மக்கள் ஆங்கிலத்துக்கும் எடுத்துவருகிறார்கள். முனகலிலேயே ஊர் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் எழுத்தெழுத்தாகச் சரிசெய்தும் பயனில்லை.

ஒலிகளில் பேராசை வேண்டாம். உங்கள் ஆளின் பேச்சில் அடிக்கடி வரும் மூன்று நான்கு மாற்றங்களை மட்டும் எடுத்து, வசனத்தாளில் அவை வரும் ஒவ்வொரு இடத்தையும் வண்ணப் பென்சிலால் குறியுங்கள். பத்து மாற்றங்களைச் செய்து பாதியை மறப்பதைவிட மூன்றை எப்போதும் செய்வது நம்பும்படி இருக்கும். 1991ல் கெவின் காஸ்ட்னர் நடித்த ராபின் ஹுட் படத்தை விமர்சகர்கள் பிடித்துக்கொண்டது இதனால்தான். ஆங்கிலேய வாடை வருகிறது, போகிறது.

எழுத்தாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடினமான ஆங்கிலத்தைப் பிசகாமல் பேசும் பாத்திரம் ‘ஆமாம்’, ‘நன்றி’, ‘நண்பா’ என்பதை மட்டும் தாய்மொழியில் சொல்வதாக எழுதுகிறீர்கள். வாழ்க்கையில் இது தலைகீழ். அந்தச் சொற்களைத்தானே முதலில் கற்கிறார்கள்! தாய்மொழி வெளியே வருவது எண்ணும்போது, திடுக்கிடும்போது, வலிக்கும்போது. நடிகருக்கும் இது பயன்படும். 1982ல் ‘சோஃபிஸ் சாய்ஸ்’ படத்துக்காக மெரில் ஸ்ட்ரீப் போலிஷ் மொழியையே கற்றார். அதில் அவர் நடித்த போலந்துப் பெண் ஆங்கிலச் சொல்லைத் தேடித் தடுமாறும்போது, பின்னால் ஒரு மொழி நிஜமாகவே இருப்பது நமக்குத் தெரிகிறது. அத்தனை தூரம் போக நேரமில்லையென்றாலும் அந்த மொழியில் ஒரு தாலாட்டும் சில வசவுகளுமாவது கற்றுக்கொள்ளுங்கள்.

ஆக்சென்ட் உடைகிற இடங்கள் எனக்கு அத்துப்படி: கத்தல், அழுகை, சிரிப்பு, ரகசியம். அமைதியாக உட்கார்ந்து சரியாகப் பேசுகிறவர் சண்டைக் காட்சியில் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவார். அதனால் மாடி ஏறிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் பேசப் பழகுங்கள். வசனத்தில் இல்லாததையும் பேசுங்கள். ‘பிரிட்ஜெட் ஜோன்ஸ்’ படத்துக்காக, டெக்ஸாஸில் பிறந்த ரெனே ஸெல்வெகர் லண்டன் பதிப்பகம் ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். படப்பிடிப்பு இடைவேளையிலும் ஆங்கிலேய உச்சரிப்பை விடவில்லை. சொந்த வார்த்தைகளில் சண்டை போட முடிந்தால்தான் ஆக்சென்ட் உங்களுடையது.

சோதிப்பதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் உங்கள் பேச்சின் ஒலிப்பதிவைக் கொடுங்கள். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். “இவர் எந்த ஊர், என்ன வயது இருக்கும்?” என்று கேளுங்கள். ஊரின் பெயர் வந்தால் வேலை முடிந்தது. “யாரோ கிண்டல் செய்கிறார்கள் போல” என்று அவர் முகம் சுருங்கினால் மறுபடி நீங்கள் தேடிப் பிடித்த ஆளின் ஒலிப்பதிவுக்கே போங்கள். அவருடைய மக்கள் நகைப்புக்கு ஆளாவதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கடைசியாக டப்பிங். படப்பிடிப்பு முடிந்து பல மாதம் கழித்து அழைப்பார்கள், வாய் எல்லாவற்றையும் மறந்திருக்கும். அதனால் படப்பிடிப்பின் முதல் வாரத்திலேயே உங்கள் இழுவை ஒலி, முனகல், ஒரு சாதாரண வசனம், கத்திப் பேசும் ஒரு வசனம் நான்கையும் போனில் பதிவு செய்து வைத்துவிடுங்கள். டப்பிங் தியேட்டருக்குப் போகும் வழியில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போங்கள்.