பனிநிலத்தைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஜனவரியில் பின்லாந்தின் ரீசிதுந்துரி தேசியப் பூங்காவில், முதன்முறையாக வந்திருந்த இருவர் ஓர் அழகிய மரத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்ததைக் கண்டேன். என் முதல் குளிர்காலத்தில் நானும் அதையேதான் செய்தேன். பேட்டரியை உட்பையில் வைத்துக் கதகதப்பாகக் காப்பது போன்றவற்றை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்னணியை (படத்தின் முன்பகுதியை) மிதித்துவிடுதல்

ரீசிதுந்துரி, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே போசியோ வட்டாரத்தில் உள்ள குன்று. காற்றின் ஈரம் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் மீது உறைந்து, அதன்மேல் பனியும் சேர்ந்து, கிளையே தெரியாத வெண்ணிற உருவங்களாக அவற்றை மாற்றிவிடுகிறது. அப்படி வளைந்து நின்ற ஒரு மரத்தை அருகில் பார்க்கும் ஆவலில், நான் நேராக அதன் அடிவரை சென்று, திரும்பி வந்து, முக்காலியை நிறுத்தி லென்ஸ் வழியே பார்த்தபோது, சட்டகத்தின் நடுவே தொடையளவு ஆழத்தில் இருபது குழிகள் இருந்தன. அடுத்த மூன்று நாளும் பனி பொழியவில்லை. நான்காம் நாள் ஊர் திரும்பினேன். அந்த மரத்தின் படம் என்னிடம் இன்றுவரை இல்லை.

நடுக்குளிர்காலத்தில் அங்கே சூரியன் சில மணி நேரமே, அதுவும் அடிவானத்தை ஒட்டியே நகர்வதால், பக்கவாட்டில் விழும் ஒளி ஒவ்வொரு குழியிலும் நீலநிழலை நிரப்பிவிடும். மிதிபட்ட பனி இறுகிக் கெட்டியாகிவிடுவதால், சுற்றியுள்ள தளர்பனியைக் காற்று அடித்துச் சென்ற பிறகும் கால்தடம் மட்டும் மேடாக எஞ்சி நிற்பதுண்டு. அகலக்கோண லென்ஸ் முன்னணியைப் பெரிதாக்கிக் காட்டுவதால் தப்பிக்க வழியே இல்லை.

கணினியில் அழித்துவிடலாம் என்று சொல்பவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. காற்று செதுக்கிய மெல்லிய வரிகள்தாம் அந்தப் படத்தின் உயிர். அழித்த இடத்தில் அவை திரும்பி வருவதில்லை. மேலும், நமக்குப் பின்னால் விடியலுக்காகக் காத்து வருபவருக்கும் அந்த இடம் கெட்டுப்போகிறது.

ஆகவே, மனத்தைக் கவர்ந்த காட்சிக்கு முப்பது அடி முன்பாகவே நின்றுவிடுங்கள். பையை உங்களுக்குப் பின்னால் வையுங்கள். அங்கிருந்தே முழுக்காட்சியையும் எடுத்து முடித்த பிறகு, இன்னும் நெருங்க வேண்டுமென்றால், கேமரா பார்க்காத பக்கமாக வளைந்து செல்லுங்கள். குழுவாகச் சென்றால் முன்னவர் தடத்திலேயே காலை வையுங்கள்.

சாம்பல்நிறப் பனி

கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாகக் கருதியே கணக்கிடுவதால், வெண்பனி மங்கிப்போகிறது. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இருமடங்கு) கூட்டி, ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல்களின் நீலம் வானத்திலிருந்து வருவது. அதை முழுவதும் நீக்கிவிட வேண்டாம்.

குளிர்ந்த கேமராவைக் குடிலுக்குள் திறப்பது

மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துவிட்டுக் கேமராவைப் பையிலிட்டுக் காற்றுப்புகாமல் மூடுங்கள். உடனே திறந்தால் குடிலின் ஈரம் குளிர்ந்த கேமராவில் நீராகப் படிந்துவிடும் என்பதால், இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள்.

முக்காலியை விரித்தபடியே அழுத்துதல்

ஆழ்பனியில் கால்களை முழுதும் விரித்து அழுத்தினால், அவை மேலும் அகன்று மூட்டு முறிந்துவிடக்கூடும். பாதியளவு விரித்து, மெல்ல அழுத்தி, அடியில் கெட்டியான பனி தட்டுப்பட்ட பிறகே கேமராவைப் பொருத்துங்கள்.

மரத்தை உலுக்குதல்

செய்யவே கூடாது.