நாடாளுமன்ற உறுப்பினரின் பணியை வாக்காளர் அளப்பது எப்படி?

தொகுதி மேம்பாட்டு நிதியில் எழும் பேருந்து நிழற்குடையும் உயர்கோபுர மின்விளக்கும் கண்ணுக்குத் தெரிவதால், மக்களவை உறுப்பினரின் உழைப்பைப் பலரும் அவற்றைக் கொண்டே அளக்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு 5 கோடி ரூபாயான அந்த நிதி, அவருடைய பணியில் ஒரு சிறு பகுதியே. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 75ஆவது பிரிவு. எனவே அரசிடம் கணக்குக் கேட்பதுதான் உறுப்பினரின் முதற்கடமை.

முதலில், மக்களவையின் இணையதளத்தில் அவர் எழுப்பிய வினாக்களைத் தேடிப் படியுங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையிலேயே பதில் சொல்லித் துணைக் கேள்விகளையும் எதிர்கொள்ள வேண்டும். குறியிடாத வினாவுக்கு எழுத்துப்பூர்வமான பதில் மட்டுமே கிடைக்கும். உங்கள் உறுப்பினர் அமைச்சரானால் அவர் வினா எழுப்ப மாட்டார். அவர் அளித்த பதில்களைப் படியுங்கள்.

அடுத்து, மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வாருங்கள். என் பார்வையில் உண்மையான உரைகல் இதுதான். ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு வேண்டிய தொகையை அவையிடம் கேட்டே பெற வேண்டும். குறிப்பிட்ட ஒரு குறையை முன்வைக்க விரும்பும் உறுப்பினர், அந்தத் தொகையில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையையே ஏற்காதவர், முழுத் தொகையையும் 1 ரூபாயாகக் குறைக்கக் கோரலாம். விவாதத்துக்கு வராத கோரிக்கைகள் கடைசி நாளில் ஒரேயடியாக வாக்கெடுப்புக்கு விடப்படும். 2018இலும் 2023இலும் அமளிக்கிடையே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமின்றியே நிறைவேறின. மக்களின் வரிப்பணத்தைக் காக்க வேண்டிய அவை அப்படிக் கைகழுவியதற்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுமே பொறுப்பு.

வாக்களிப்பை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள்; 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தால், கொறடா உத்தரவை மீறுபவர் பதவியையே இழக்கக்கூடும். அமைச்சகங்களின் செயல்பாட்டை ஆராயும் உறுப்பினர் குழுக்களான துறைசார் நிலைக்குழுக்களில் அந்த நெருக்கடி இல்லை. அவற்றின் கூட்டங்களுக்குள் செய்தியாளருக்கு அனுமதி கிடையாது என்றாலும், குழு அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ள கூட்டக் குறிப்பில் வந்திருந்த உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கும். உங்கள் உறுப்பினரின் பெயர் அங்கே எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள்.

பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில்தான் இக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. உங்கள் ஊரின் ரயில் பாதையோ பாசனத் திட்டமோ எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்று பார்த்து, அந்த இடைவேளையிலேயே உறுப்பினருக்குக் கடிதம் அனுப்புங்கள்.